ஓவோவுக்குப் போன கற்கள்

ஜாம்பல் எல்லைக்கு அப்பால் கல் விற்கிறானாம். கோபிப் பாலைவனத்தில் கூடாரத்துக்குக் கூடாரம் அரை நாள் தூரம். ஆனாலும் இந்தப் பேச்சு எல்லார் வீட்டு உப்புத் தேநீரிலும் கலந்துவிட்டது.

அவை சாதாரணக் கற்கள் அல்ல. வற்றிய ஏரியில் தண்ணீர் இருந்த காலத்து வேட்டைக்காரர்கள் கரையில் தங்கி, மெல்லிய கத்திகளை உரித்தெடுத்தபின் போட்டுவிட்டுப் போன அடிக்கற்கள். போன வேனிலில் ஆய்வாளர் நோமின் அவற்றின் பெருமையை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். இந்த வேனிலில் வந்து பார்த்தால் வெறும் சில்லுகள்தான் கிடந்தன. கரையை ஒட்டியிருப்பது ஜாம்பலின் குளிர்காலக் கிடை. திருட்டு உறுதியானால் கிடை பறிபோகும் என்று ஊர்த் தலைவர் சொல்லியனுப்பினார். அந்தக் குன்றின் மறைவு இல்லாவிட்டால் ஆடுகள் நின்றபடியே விறைத்துவிடும்.

பக்கத்துக் கிடைக்காரர் தாம்தின், வணக்கம் சொல்லி நீட்டும் மூக்குப்பொடிச் சிமிழை ஜாம்பலிடம் மூடி திறக்காமல் நீட்டினார். அதற்குமேல் ஒருவரை எப்படித் திட்டுவது? ஜாம்பலும் சளைக்கவில்லை. தாம்தினுக்குப் புது மோட்டார் சைக்கிள் எப்படி வந்தது, நோமினின் பை ஊர் திரும்பும்போது மட்டும் ஏன் கனக்கிறது என்றெல்லாம் யோசித்தான். மனைவியைக்கூட ஒரு மாலை முழுக்கச் சந்தேகித்தான். அவள் சூப்பில் கொழுப்பைக் குறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

கரையிலிருந்து கிளம்பும் வண்டித்தடம் தன் வீட்டுக்கா போகிறது என்று வந்து பார்க்கும்படி தாம்தினையும் நோமினையும் அவனே அழைத்தான். தடம் கணவாய் ஏறி ஓவோவில் நின்றது. வழிப்போக்கர்கள் மலைச்சாமிக்கு வைத்த கற்குவியல் அது, மேலே நீலத்துணி. தாம்தின் மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்துவிட்டுச் சுற்றத் தொடங்கினார்.

நோமின் குனிந்து பார்த்தாள். "அண்ணே, இதை எங்க எடுத்தீங்க?"

"கரையிலதான். பெரியவங்க கைபட்ட கல்லுன்னு நீதானம்மா சொன்ன? சாமிக்கு வேற எதை வைக்கிறது?"

குவியல் முழுக்க அடிக்கற்கள். ஊரே பக்தியோடு சுமந்து வந்திருந்தது. அதில் தன் கல்லையும் அடையாளம் கண்ட ஜாம்பல் அதை மறைத்து நின்றுகொண்டான்.

ஓவோவில் வைத்ததை எடுக்கக் கூடாது. நோமின் கெஞ்சிக் கூத்தாடி, தலைநகரில் அளந்து பார்க்க ஒரே ஒரு கல்லைக் கடனாகக் கேட்டாள். யார் பொறுப்பு என்றார் தாம்தின். கிடை தப்பிய மகிழ்ச்சியில் ஜாம்பல், "நான்தான்," என்றான்.

முதல் பனி விழுந்தாயிற்று, கடன் போன கல் திரும்பவில்லை. இந்தக் குளிருக்குக் கிடையில் இரு, கல் வரட்டும், அடுத்த குளிரைப் பிறகு பார்க்கலாம் என்கிறார் தலைவர். ஜாம்பல் கூப்பிட்டால் நோமினின் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பாரில்லை. சாமிக்கு ஜாம்பல் இன்னும் ஒரு கல் பாக்கி.