ஏழு நிறுத்தங்களும் முப்பது கிலோமீட்டரும்

சென்ற ஆண்டு ஜூன் 9, திங்கட்கிழமை, காலை 8 மணி 6 நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. மேல்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. புதுக்கோட்டை போகும் டவுன் பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் நான் இருந்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் டிரைவர் பழனிவேல் பிரேக்கை மிதித்தார். முன் டயருக்கு அடியில் ஓர் ஆடு செத்துக் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை நான்கடி தள்ளி, அறுந்த கயிற்றோடு நின்றது. அழக்கூட இல்லை.

நான் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். பஸ் வரும் நேரம், போகும் நேரம் எழுதுவதுதான் வேலை. ஓய்வு பெற எனக்கு ஒன்பது மாதம் இருந்தது. அன்று பஸ் பதினான்கு நிமிடம் தாமதமாகப் புதுக்கோட்டை வந்து சேர்ந்தது. இறங்கினேன், கேபினில் உட்கார்ந்தேன், வழக்கப்படி 'லேட்' என்று எழுதினேன்.

பழனிவேல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "சார், நீங்களும் அதே வண்டியிலதானே வந்தீங்க? ஊருக்குள்ள மெல்லப் போங்கிறீங்க. இங்க வந்தா லேட்டுங்கிறீங்க. நான் எதுக்குத்தான் ஒத்துக்கிறது?"

எழுதிய 'லேட்'டை நான் அடிக்கவில்லை. இளம் டைம் கீப்பர்களுக்காக இதை எழுதுகிறேன் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

118 வீடுகள்

ஊருக்குள் வேகத்தை முப்பது கிலோமீட்டராகக் குறைக்கச் சொல்லி, ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போடலாம் என்றார் ஊராட்சித் தலைவர் ஜெயராணி. "சார், நீங்க பஸ் ஆபீசு ஆளு. வீடு வீடாப் போயி நீங்களே கேட்டுட்டு வாங்க."

போனேன். 118 வீடு. 104 வீட்டில் முப்பது வேண்டும் என்றார்கள். ஒன்பது வீட்டில் வேண்டாம். ஐந்து வீட்டில் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள், இன்னும் சொல்லவில்லை.

வேண்டாம் என்ற ஒன்பதில் முதல் ஆள் என் மச்சான் முத்துக்கருப்பன். "முப்பதா? எங்க வீட்டுக் காளை அதைவிட வேகமாப் போகும், மச்சான். பஸ்ஸுக்குப் பதிலா அதுல டிக்கெட் போடுங்க."

வேண்டும் என்றவர்களிலும் சிலர் நிபந்தனை வைத்தார்கள். "லாரிக்காரன முப்பதுல போகச் சொல்லுங்க. எங்க பையன் பைக்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் ஒரு தாயார். அந்தப் பையன் எந்த வேகத்தில் போகிறான் என்பது ஊருக்கே தெரியும்.

என்னை உறங்கவிடாமல் செய்தது சர்ச் தெரு ஸ்டெல்லா சொன்னதுதான். புதுக்கோட்டையில் தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஒன்பது மணிக்கு டியூட்டி. "மெதுவாப் போகட்டும் சார், நல்லதுதான். ஆனா நான் இந்த வருசம் மூணு தடவ லேட்டு. இன்னொரு தடவன்னா வராதன்னுட்டாங்க. எனக்கு இந்த ட்ரிப்ப விட்டா வேற பஸ் இல்ல."

எங்கள் பிராஞ்ச் மேனேஜரிடம் பேசிப் பார்த்தேன். "ஊருக்குள்ள ஊர்ந்து வந்து லேட்டாச்சுன்னா, அந்த ட்ரிப்ப மெயின் ரோட்டோட திருப்பி விட்டுருவேன். அப்பறம் ஒங்க ஊருக்காரங்க மூணு கிலோமீட்டர் நடந்து வந்து ஏறட்டும்" என்றார். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவர்.

ஆக, பிள்ளைகளைக் காப்பாற்றினால் பஸ் போகும்; பஸ்ஸைக் காப்பாற்றினால் பிள்ளைகள்...

கைக்கடிகாரத்தோடு ஆறு நாள்

அடுத்த ஆறு நாளும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் பார்த்தேன். பழனிவேல் கேலி செய்தார்: "என்ன சார், எனக்கு நாடி பாக்குறீங்களா?"

எங்கள் ஊரில் முறைப்படி ஸ்டேஜ் ஒன்றே ஒன்று, ரேஷன் கடை. ஆனால் கை காட்டினால் பஸ் நிற்கும் என்பது ஊர் வழக்கம். கோயில் தெருக்காரர்கள் சர்ச் முக்குக்கு நடந்து வர மாட்டார்கள். சர்ச் தெருக்காரர்கள் கோயில் முக்குக்குப் போக மாட்டார்கள். டீக்கடை, ரைஸ் மில், முத்துக்கருப்பன் வீடு, நடுவில் ரேஷன் கடை என்று அறுநூறு மீட்டருக்குள் ஏழு இடத்தில் பஸ் நின்றது. ஒவ்வொன்றுக்கும் சராசரி 35 விநாடி. மொத்தம் 4 நிமிடம் 5 விநாடி. அங்கே விட்ட நேரத்தைப் பிடிக்கத்தான், வீடுகள் முடிந்ததும் பழனிவேல் அறுபதுக்கு ஏற்றுகிறார். சரியாக அந்த வேகத்தில் போகும் எண்ணூறு மீட்டரில்தான் பள்ளிக்கூடம்.

அந்த எண்ணூறு மீட்டரை அறுபதில் கடந்தால் 48 விநாடி. முப்பதில் போனால் 96. நஷ்டம் 48 விநாடி மட்டும். ரேஷன் கடை, பள்ளிக்கூட வாசல் என்று இரண்டே இடத்தில் நிறுத்தினால், கூட்டம் சேர்ந்து ஏறினாலும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கூட்டிக் கழித்தால் லாபம் 77 விநாடி. நான்கு முறை போட்டுப் பார்த்தேன். 77தான்.

கிராம சபை

ஆகஸ்ட் 15 அன்று கூட்டத்தில் இந்தக் கணக்கைச் சொன்னேன். முப்பது வேண்டும் என்று சொன்ன அதே 104 வீட்டாரும் நிறுத்தம் போகிறது என்றதும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"கோயில் முக்குல நிக்காதா? எங்க ஆத்தாவுக்கு முட்டி வலி!"

"அப்ப சர்ச் முக்குல மட்டும் நிக்குமாக்கும்?"

"அங்கிட்டும் நிக்காது, இங்கிட்டும் நிக்காது" என்றேன்.

முத்துக்கருப்பன் மெதுவாக எழுந்தார். "மச்சான், ஏழு நிறுத்தம்னீங்க. இதுவரைக்கும் ஆறுதான் சொன்னீங்க. ஒங்க வீட்டு வாசல்ல நிக்குதே, அது கணக்குல இருக்கா?"

கூட்டம் சிரித்தது. டைம் கீப்பர் என்ற மரியாதைக்குப் பதினோரு வருடமாக என் வாசலில் பஸ் நின்று வந்தது.

"இருக்கு. ஏழாவது அதுதான். நாளையிலேர்ந்து மொதல்ல போறதும் அதுதான். நான் ரேஷன் கடைக்கு நடந்து வாரேன். 310 மீட்டர்."

சிரிப்பு அடங்கியது. ஸ்டெல்லா எழுந்தாள். "நானும் வாரேன்." பிறகு கோயில் தெருவிலிருந்து ஒருவர், ரைஸ் மில்காரர், அந்த முட்டிவலி ஆத்தாவே. முப்பது கிலோமீட்டர், இரண்டு நிறுத்தம் என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு ஒன்றே ஒன்று, என் மச்சான்.

திங்கட்கிழமை

18ஆம் தேதி காலை ரேஷன் கடையில் 29 பேர் நின்றோம். கோயில் தெருவும் சர்ச் தெருவும் ஒரே வரிசையில் பஸ்ஸுக்கு நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். முத்துக்கருப்பன் மட்டும் பிடிவாதமாகத் தன் வாசலில் நின்று கை காட்டினார். பஸ் நிற்கவில்லை. பின்னாலேயே ஒரு டிவிஎஸ் ஃபிப்டி பறந்து வந்து, பஸ்ஸை முந்தி, ரேஷன் கடையில் அவரை இறக்கிவிட்டது.

"மாமா, பஸ்ஸு முப்பது, நீங்க நாப்பத்தஞ்சு. மொதக் கேசு ஒங்க மேலதான்" என்றார் பழனிவேல். முத்துக்கருப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் நடந்து வந்தார்.

பள்ளிக்கூட வாசலில் பஸ் மெல்லப் போய் நின்றது. அந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை பஸ்ஸுக்கு முன்னால் நிதானமாகச் சாலையைக் கடந்து போனது.

புதுக்கோட்டையில் வர வேண்டிய நேரம் 8.45. வந்தது 8.44. மேனேஜர் கேபினுக்கு வந்து பார்த்தார். "என்ன சார், ஒங்க வாட்ச் ஓடுதா?"

"வாட்ச் ஓடுது சார். வண்டிதான் ஓடல, நடந்து வந்துச்சு" என்றேன். என் சர்வீசில் மேனேஜருக்கு எதிரில் நான் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு. ஸ்டெல்லா போகிற போக்கில் கை அசைத்தாள்.

நவம்பரில் '30' போட்ட போர்டுகள் இரண்டு வந்தன. ட்ரிப் இன்றும் ஊருக்குள் வருகிறது. லேட் எழுதுகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன்: எழுதும் முன் ஒரு தடவை அந்த பஸ்ஸில் ஏறி, அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

வாசலில் ஏறிப் பழகிய எனக்கு வெயிலுக்குக் குடை 340, நடக்கச் செருப்பு 275. இந்தத் தீர்மானத்தில் என் செலவு ஆக மொத்தம் 615 ரூபாய்.