ஏழாவது பிராகாரத்தில் ஒரு ஹீட்டர்

கோ-டூ என்ற கட்டளைக்கும் எனக்கும் ஆகாது. கம்ப்யூட்டர் நிரல் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது, ‘இங்கிருந்து நேரே அங்கே குதி’ என்று சொல்வதுதான் அதன் வேலை. ஆபீஸில் யாராவது அதை எழுதினால் அரை மணி நேரம் உபதேசம் செய்வேன். எழுதாதவர்களுக்கும் செய்வேன்.

அப்படிப்பட்டவன் கையில் திருவெறும்பூர்ப் பட்டறை ஒன்றின் பழைய உலை நிரல் வந்து சேர்ந்தது. கதவு திறந்திருந்தாலோ, காற்று வராவிட்டாலோ, சூடு எல்லை மீறினாலோ, கோ-டூ போட்டுக் கடைசி வரிக்குக் குதித்து ஹீட்டரை அணைத்துவிடும். அசிங்கம்தான், ஆனால் அணைத்தது. நான் கோ-டூக்களைக் களையெடுத்து, ‘கதவு மூடியிருந்தால்’, அதற்குள் ‘காற்று வந்தால்’, அதற்குள் இன்னொன்று என்று அடுக்கினேன். எழுத்து திரையின் வலது ஓரத்துக்கே போய்விட்டது.

“சார் ஸ்ரீரங்கத்துக்காரர்னு சொல்லவே வேணாம். ஏழு பிராகாரம் கட்டியிருக்கீங்க,” என்றாள் உடன் வேலை செய்யும் பெண். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மேசையில் சோதித்தபோது, சூடு எல்லை மீறியும் ஹீட்டர் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஏழாவது பிராகாரத்தில் ‘இல்லாவிட்டால் அணை’ என்று எழுத மறந்திருந்தேன். சனிக்கிழமை பட்டறையில் டிரையல். உலைக்குப் பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள்.

அன்று சாப்பிடும்போது மனைவி கேட்டாள். “ஞாயித்துக்கிழமை துறையூர்ல என் தங்கச்சிக்கு வளைகாப்பு. வருவீங்களா?”

“டிரையல் நல்லபடியா முடிஞ்சா வரலாம். முடிஞ்சாலும் மேனேஜர் விடணும். விட்டாலும், ரிப்போர்ட் கேட்காம இருந்தா...”

“முடியாதுன்னா முதல்லயே முடியாதுன்னு சொல்லிடுங்க. நான் என் வழியைப் பாத்துக்குறேன். எதுக்கு இப்படி உள்ள உள்ள கூட்டிக்கிட்டுப் போறீங்க?”

ரோஷப்பட வேண்டிய இடத்தில், “அதேதான்!” என்று சோற்றுக்கையோடு எழுந்துவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மறுநாள் மாற்றி எழுதினேன். முடியாதவற்றை வாசலிலேயே கேட்டுத் திருப்பி அனுப்பினேன். கதவு திறந்திருக்கிறதா, திரும்பு. காற்று இல்லையா, திரும்பு. எங்கிருந்து திரும்பி வந்தாலும், உள்ளே அனுப்பிய முதன்மைப் பகுதியே ஹீட்டரை அணைத்துவிடும். பிராகாரமும் இல்லை, குதிப்பும் இல்லை.

டிரையலில் வேண்டுமென்றே கதவைத் திறந்தார்கள். ஹீட்டர் அணைந்தது. மேனேஜரும் கிளம்பச் சொல்லிவிட்டார். பெரிய வரம் கொடுப்பவனைப் போல மனைவிக்கு போன் செய்தேன்.

“நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறிட்டேன்,” என்றாள். “நீங்க மேனேஜர்னு ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. மாமா வரமாட்டார்னு தங்கச்சிகிட்டயும் சொல்லிட்டேன். அவ கல்யாணத்துக்கும் இப்படித்தானே.”

சுருக்கென்றது. அவள் பேச்சை எடுத்து உலைக்குத்தான் மாட்டியிருந்தேன், எனக்கு இல்லை.

“வரேன்,” என்றேன்.

“டிரையல் முடிஞ்சாவா?”

“வரேன்.”

அடுத்த துறையூர் பஸ்ஸில் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே போனேன்.