கரி பஸ்ஸில் நான்கரை வருஷம்

என் தாய்மாமன் அய்யாக்கண்ணு பிறந்த வருஷம் எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் இரண்டு விதமாக இருக்கிறது. எது சரி என்று சொல்ல இன்று யாருமில்லை. இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன். அவர் செய்த தொழில்களைப் பற்றி அந்தச் சந்தேகம் இல்லை.

அரியலூர் ரயிலடியில் இறங்குகிறவர்களைப் பெரம்பலூர் வரை மாட்டு வண்டியில் கொண்டுபோய் விட்டவர் அவர். பஸ் வந்தபின் வண்டிக்கு ஆள் குறைந்தது. சித்திரபானு வருஷம் யுத்தத்தால் பெட்ரோல் அருகிப்போக, பஸ் முதலாளி தன் பஸ்ஸின் பின்புறம் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தினார். அதில் கரியை எரித்து, எழும் வாயுவால் இஞ்சினை ஓட்டவேண்டும். அதைக் கவனிக்கும் வேலைக்கு மாமா மாடுகளை விற்றுவிட்டுப் போனார். வீட்டார் தடுத்தும் போனார். அதுவரை அவர் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

புறப்பட அரைமணி இருக்கும்போதே உருளைக்குள் காற்று ஊதும் காற்றாடியின் கைப்பிடியைச் சுற்றி நெருப்பை எழுப்புவார். மூடியைத் திறந்து, புகைக்குள் குனிந்து கனலைப் பார்ப்பார். பயணிகள் டிரைவரை விட்டுவிட்டு அவரிடம்தான், "கரிக்காரரே, எப்பங்க கெளம்பும்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்துப்போயிற்று.

டிரைவரின் பெயர் ஆண்டவர்; நல்ல மனிதர். ஒருநாள் அவராகவே சொன்னார்:

"அய்யாக்கண்ணு, வண்டி சும்மா நிக்கிற நேரத்துல ஸ்டியரிங்கப் பிடிச்சுப் பழகு. ரெண்டு மாசத்துல லைசென்சு எடுத்துடலாம்."

"பால் கறக்குறவன் நானு, செம்பு தூக்குறவரு நீங்க. நான் ஊதலன்னா ஒங்க வண்டி நகருமாங்க?"

"கறவை நின்னுபோனா என்ன பண்ணுவ?"

"அப்ப ஒங்க செம்பும் காலிதானுங்களே."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆண்டவரும் சிரித்தார், அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

யுத்தம் முடிந்து, விய வருஷத்தில் பெட்ரோல் கிடைத்தது. உருளையைக் கழற்றி இறக்கியபோது மாமாவும் ஒரு கை பிடித்தார். பிறகு முதலாளியிடம் போய், டிரைவர் வேலை பழகிக்கொள்வதாகச் சொன்னார்.

"பட்டாளத்துலேருந்து வந்தவனுங்க லைசென்சும் கையுமா வாசல்ல நிக்கிறானுங்க. ஒனக்குக் கத்துக்குடுத்துக்கிட்டு ஒக்காந்திருக்க முடியுமா?" என்றார் முதலாளி.

மாமா சுண்ணாம்புக் காளவாயில் நெருப்புப் போடப் போனார். சர்வதாரி வருஷம் காளவாய்க்காரர் கல் கொண்டுவர ஒரு லாரி வாங்கினார். லைசென்சு எடுத்து வந்தால் லாரியைக் கொடுப்பதாகச் சொன்னார். இந்த முறை மாமா தாமதிக்கவில்லை. அன்றைக்கே ஆண்டவர் வீட்டுக்குப் போய்க் கேட்டார். ஆண்டவர் பழசைப் பேசாமல் கற்றுக்கொடுத்தார். மாமா நன்றாகவே ஓட்டினார் என்று பிற்பாடு ஆண்டவரே எங்களிடம் சொன்னார். லைசென்சுப் பரீட்சைக்கு இருவரும் போனபோது திருச்சியில் நடந்ததும் அவர் சொல்லித் தெரிந்ததுதான்.

பரீட்சைக்கு வந்த அதிகாரி, தூரத்தில் நின்ற ஒரு காரைக் காட்டி அதன் நம்பரைப் படிக்கச் சொன்னார். மாமாவுக்கு எண்கள் தெரியும். வெகுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் கிட்டப் போயிச் சொல்லலாமுங்களா சார்?"

"கிட்டப் போனா யாருதான்யா சொல்லமாட்டாங்க?"

கரிப்புகைதான் கண்ணைக் கெடுத்தது என்று எந்த வைத்தியரும் சொன்னதாகக் குறிப்பில்லை. மாமா அப்படித்தான் நம்பினார். திரும்பி வரும் ரயிலில் அரியலூர் நெருங்கும்போது ஆண்டவரிடம், "நீங்க ஸ்டியரிங்கப் பழகச் சொன்ன அன்னிக்கி, பஸ்ஸு மேல கெடந்த மூட்டையில உள்ள நம்பரக்கூடக் கீழ நின்னு படிச்சேங்க," என்றாராம்.

லாரிக்கு வேறு டிரைவர் வந்தார். மாமா அதில் கல் ஏற்றினார். வழியில் டிரைவர் சாப்பிட இறங்கினால், "சித்த உள்ள ஒக்காந்து வண்டியப் பாத்துக்குங்க" என்பாராம். மாமா வெயிலில் நின்றபடியே பார்த்துக்கொள்வார்.