தட்டாமல் விட்ட கூரை

நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை என்று சொன்னதும் நம் ஊர்ப்பக்கம் யாராக இருந்தாலும் "நெய்வேலியா?" என்றுதான் கேட்பார்கள். நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம், அங்கே வானம்தான் கூரை. அது இடிந்தால் எல்லார் தலையிலும்தான் விழும், நமக்கென்று தனிக் கவலை கிடையாது. நான் இருந்தது தெலங்கானாவில், பூமிக்கு அடியில். அங்கே அவரவர் தலைக்கு மேல் அவரவர் கூரை. இதையெல்லாம் நூறு பேருக்கு விளக்கி அலுத்துப்போய், இப்போது யார் கேட்டாலும் "ஆமாங்க, நெய்வேலிதான்" என்று சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கூரையிலிருந்து கதவு அகலத்துக்கு ஒரு பாளம் கழன்று என் இடது தோளில் இறங்கியது. தோளில் ஒரு தகடு வைத்தார்கள். முதுகெலும்பில் இரண்டு இடத்தில் விரிசல். இடுப்பில் பெல்ட், ஆறு மாத விடுப்பு. குனியக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது, இடது கையைத் தோளுக்கு மேலே உயர்த்தக்கூடாது என்றார் டாக்டர். செய்யூர்ப் பக்கம் கடலைக்காட்டில் என் அப்பா, "குனியமாட்டான், தூக்கமாட்டான்" என்று என்னைப் பற்றி இருபது வருஷம் புகார் சொன்னார். கடைசியில் அதையே ஒரு டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

ஊரப்பாக்கத்தில் எங்கள் வாடகை வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. அதனால் என் மனைவி என்னை மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைக் குப்பத்தில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள். மாமனார் மீன்பிடிக்கிறவர். கலெக்டராக இருந்தாலும் நீ, வா, போ என்றுதான் பேசுவார். கடலைக்காரனுக்குப் பெண்ணைக் கொடுத்த வருத்தம் அவருக்கு முழுசாகப் போகவில்லை. இப்போது அந்தக் கடலைக்காரன் உரித்த கடலையாகத் திரும்பி வந்து அவருடைய நடு அறையில், அவருடைய கட்டிலில், நாள் முழுக்க மல்லாந்து கிடந்தான்.

மல்லாந்து கிடப்பவனுக்குப் பார்க்க இருப்பது மேல்தளம் ஒன்றுதான். அதைப் பார்ப்பதுதான் என் தொழிலும். சுரங்கத்தில் என் வேலைக்குச் சர்தார் என்று பெயர். பெயருக்கேற்ற தாடி எனக்கு இல்லை, ஒரு இரும்புக் கம்பி மட்டும் இருந்தது. வேட்டு வைத்து, புகை அடங்கியதும் சர்தார்தான் முதலில் உள்ளே போவான். ஒரு கையை விரித்துக் கூரையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துத் தட்டுவான். கெட்டியான கூரை கணீரென்று சொல்லும். உள்ளுக்குள் விட்டுப்போன கூரை காலிப் பானைபோல் பொத்தென்று ஒலிக்கும், வைத்த உள்ளங்கையில் ஒரு நடுக்கமும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தைக் கடப்பாரையால் நெம்பிக் கீழே தள்ளிவிட்டு, முட்டுக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களை உள்ளே கூப்பிட வேண்டும்.

என் மேல் விழுந்த கூரையை நான் தட்டினேனா என்று விசாரணையில் கேட்டார்கள். தட்டினேன் என்றேன். வார்த்தை பொய்யில்லை. பதினொரு நாள் தொடர்ந்து ஓய்வில்லாத உடம்போடு, மூன்றே இடத்தில் தட்டினேன். மீதிக்குக் கம்பியை ஆட்டிக் காட்டிவிட்டு, "சரி, வாங்க" என்று ஆட்களுக்குக் குரல் கொடுத்தேன். உட்கார இடம் தேடி அவர்களுக்கு முன்னால் நானே போனேன். என் சோம்பேறித்தனத்தில் விளைந்த ஒரே நன்மை, பாளத்துக்கு அடியில் நான் மட்டும் இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வேடிக்கையாக ஒரு கதை வைத்திருந்தேன். பூமாதேவி தோளில் கைபோட்டாள், கொஞ்சம் அழுத்திப் போட்டுவிட்டாள் என்று. சிரிப்பார்கள். சிரித்தவர்கள் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம், மனைவியின் தங்கை செங்கல்பட்டில் பிரசவமாகிக் குழந்தையோடு வந்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் காற்று படக்கூடாது, அதனால் நடு அறை அவளுக்கு. என் கட்டில் முன்னறைக்குப் போகவில்லை, அதே அறையில் சுவரோரம் நகர்ந்தது. இடம் மாறினால் முதுகு பொறுக்காது என்று நான் முனகியதால் கிடைத்த சலுகை. அறையின் நடுவில், மேல்தளத்தில் பதித்திருந்த இரும்புக் கொக்கியில் பழைய புடவையைக் கட்டித் தூளி போட்டார்கள். பதினாறு நாள் பிள்ளை அதில் சுருண்டு தூங்கியது.

தூளி ஆட ஆட, கொக்கியைச் சுற்றிப் பூச்சில் ஒரு மயிர்க்கோடு இருப்பதைப் பார்த்தேன். மறுநாள் அந்தக் கோட்டில் துருநிறக் கறை தெரிந்தது. அதற்கு மறுநாள் தூளிப் புடவையின் மடிப்பில் சிட்டிகை அளவு சுண்ணாம்புத் தூள் கிடந்தது.

மச்சினி பிள்ளையைக் குளிப்பாட்டப் பின்கட்டுக்குப் போயிருந்த நேரத்தில் மனைவியைக் கூப்பிட்டேன். வீடு கட்டும்போது மிஞ்சிய முறுக்குக் கம்பித் துண்டு ஒன்று கதவுக்குப் பின்னால் கிடந்தது. வலது கையில் அதைப் பிடிக்க முடிந்தது. உள்ளங்கை வைக்க வேண்டிய இடது கை தோளுக்கு மேல் போகாது. "நீ முக்காலி மேல ஏறி, கையை விரிச்சுக் கூரையில வை" என்றேன். கடல்காற்றுக்குப் பயந்து தாழ்வாகக் கட்டிய வீடு, அவளுக்கு எட்டியது. சுவரோரம் தட்டினேன். கணீர். கொக்கிக்குப் பக்கத்தில் தட்டினேன். பொத்.

அவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"இன்னாய்யா இது, உள்ள நடுங்குது?"

அதற்கு மேல் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மாமனாருக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது.

அந்த வீட்டை அவரே நின்று, சித்தாளோடு சித்தாளாகச் சட்டி தூக்கிக் கட்டியிருந்தார். மதியம் கடற்கரையிலிருந்து வந்தவரிடம் மனைவி சொன்னதும் அவர் என்னைத்தான் பார்த்தார், மேல்தளத்தைப் பார்க்கவில்லை. சுரங்கத்தில் அடிபட்டவனுக்கு எந்தக் கூரையைப் பார்த்தாலும் பயம்தான் என்றார். நான் வந்த நாளிலிருந்து படுத்துக்கொண்டு நக்கல் அடிப்பதையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். அதில் நியாயம் இருந்தது. முதல் வாரத்திலேயே நான், "மாமா, ராத்திரி உங்க சீலிங் என்கிட்ட நலம் விசாரிச்சுது" என்று சொல்லிச் சிரிக்கவைத்திருந்தேன். கோமாளி வாயிலிருந்து வரும் எச்சரிக்கைக்கு மதிப்பு அவ்வளவுதான்.

பிள்ளையை முன்னறைக்கு மாற்றலாம் என்றோம். முப்பது நாள் முடிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை முன்னறைக் காற்று ஆகாது என்று மச்சினியே மறுத்தாள். பிள்ளைக்கு ஏற்கெனவே சளி. அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாமா வெளையாட்டுக்குச் சொல்றாரு" என்று தூளியில் பிள்ளையைப் போட்டாள்.

மாமனார் அதோடு விடவில்லை. பிள்ளையைத் தூக்கி மகளிடம் கொடுத்துவிட்டு, தூளிப் புடவையை இரண்டு கையாலும் பிடித்து, வலை இழுக்கிற மாதிரி ஒரு இழு இழுத்தார். என் பெல்ட்டுக்குள் வியர்த்தது. ஒன்றும் விழவில்லை.

"பாத்துக்கினியா மாப்ள? பத்து ஆளு தொங்குனாலும் தாங்கும். நான் போட்ட தளம்."

விழாது என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போது கூரை விழுவதே இல்லை. அடுத்த வேளை, அடுத்த நாள், யாரும் நினைக்காத நேரத்தில்தான் அது இறங்கும். பிள்ளை மறுபடி தூளிக்குள் போனது. மச்சினி அதன் கால்மாட்டில் பாயை விரித்துச் சாய்ந்தாள். தூளி ஆடத் தொடங்கியது.

எனக்கு அலுப்பாக இருந்தது. முதுகு வலியில் வந்த அலுப்பு ஒரு பக்கம். என்னைப் பார்த்து எனக்கே வந்த அலுப்பு இன்னொரு பக்கம். எழுந்து உட்கார்ந்தேன். அதற்கே கால் நிமிஷம் ஆயிற்று.

"மாமா, அன்னைக்கு என் மேல வுழுந்துச்சே, அதை நான் தட்டலை. மூணு இடம் தட்டினேன். மீதியைத் தட்டினதாச் சொல்லிட்டேன். நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சேன். உங்களை மாதிரிதான்."

மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினெட்டு நாள் உட்கார்ந்திருந்தவள். விசாரித்தவர்களுக்கும் நான் பிறகு உண்மையை எழுதிப்போட்டேன், ஆனால் அந்தக் கடிதம் எழுத எனக்கு அத்தனை கஷ்டம் இல்லை.

மாமனார் வாசலைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே மணல், மணலுக்கு அப்பால் கடல். ஆற்று மணல் லாரி வர வாரக்கணக்கில் ஆகும் என்று யார் வீட்டுக் கதையையோ சொல்வதுபோல் ஆரம்பித்தார். தளம் போட நாள் குறித்தாயிற்று, ஆள் வந்துவிட்டது, மணல் வரவில்லை. வாசலிலேயே மணல் கொட்டிக் கிடக்கையில் எவன் காத்திருப்பான்? நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசித்தான் போட்டாராம்.

"பாதிகூட இல்ல. கொஞ்சந்தான் கலந்தேன்" என்றார்.

கடல் மணலில் உப்பு போகாது, உள்ளே இருக்கிற கம்பியைத் தின்றுவிடும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படகில் ஆணி அடிக்கிறவருக்கு உப்பும் இரும்பும் படும் பாடு தெரியும். தெரிந்தும் செய்தார். மூன்று இடம் தட்டியவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவரே போய்ப் பிள்ளையைத் தூக்கி என் மனைவியிடம் கொடுத்தார். தூளியை அவிழ்த்தார். மச்சினி இந்தத் தடவை தானே பாயைச் சுருட்டினாள். ஜன்னலுக்குக் கோணிப்படுதா கட்டி, முன்னறை மூலையில் கட்டில் போட்டு அவளையும் பிள்ளையையும் படுக்கவைத்தார்கள்.

பிறகு நெம்புகிற வேலை. தொங்கும் கூரையை அப்படியே விட்டுவைக்கக்கூடாது என்பது சுரங்கத்தில் முதல் பாடம். கடப்பாரை மாமனார் கையில், வாய் என்னிடம். கெட்டியான பக்கம் நில்லுங்கள், நடுவுக்கு வராதீர்கள், விளிம்பிலிருந்து ஆரம்பியுங்கள், பின்வாங்க வழி இருக்கட்டும் என்று கதவோரம் நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"வாய மூடிகினு நில்லு மாப்ள, காதுல வுழுது" என்றார். ஆனால் சொன்ன இடத்தில்தான் நின்றார்.

நான்காவது நெம்பில் இறங்கியது. தூளி தொங்கிய இடம் முழுவதும், கொக்கியோடு சேர்த்து, மூன்று விரல் கனத்துக்கு ஒரே பாளம். தரையில் விழுந்த சத்தத்தில் அடுக்களையில் பாத்திரம் அதிர்ந்தது, என் தோளில் தகடு அதிர்ந்தது. புழுதி அடங்கியதும் பார்த்தால், மேலே இருந்த கம்பி முந்திரிப்பழக் காம்பு அளவுக்கு இளைத்திருந்தது. உடைந்த பாளத்தின் ஓரத்தில் நகக்கண் அளவு வெள்ளைச் சிப்பிகள். மாமனார் குந்தி உட்கார்ந்து ஒன்றைக் கிள்ளி எடுத்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. ஒரு வேலையை முறையாகச் செய்து முடித்தோம் என்று சுவரில் சாய்ந்து நின்றேன். மனைவி துடைப்பத்தோடு வந்தவள், குப்பையைப் பெருக்காமல் என்னையே பார்த்தாள்.

"முன்ரூமு தட்டினியா?"

தட்டவில்லை.

பிள்ளையைக் கொண்டுபோய்ப் போட்ட அறையை நான் தட்டவில்லை. யாருமே தட்டவில்லை. ஒரு மணி நேரமாக மச்சினியும் பிள்ளையும் அங்கேதான் இருந்தார்கள். சர்தார் இந்த அறையில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

அவள் அதைச் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அவளும் களைத்திருந்தாள். துடைப்பத்தை வைத்துவிட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். நான் கம்பியை எடுத்துக்கொண்டு, டாக்டர் எழுதிக் கொடுத்ததையெல்லாம் மறந்து, என்னால் முடிந்த மாதிரி ஓடினேன். மச்சினி பிள்ளையோடு வாசலுக்குப் போய் நின்றாள். காற்று படுமே என்று அவள் அப்போது கேட்கவில்லை.

முக்காலியில் மனைவி ஏறப் போனாள். மாமனார் அவளை விலக்கிவிட்டுத் தானே ஏறி, புழுதி அப்பிய கையை விரித்து மேல்தளத்தில் வைத்தார். "தட்டு" என்றார்.

மூலையில் தட்டினேன். கட்டிலுக்கு நேர் மேலே தட்டினேன். கதவுக்கு மேல், ஜன்னலுக்கு மேல், நடுவில், திரும்பவும் கட்டிலுக்கு மேல். அவர் முக்காலியை இழுத்து இழுத்துப் போட்டு ஏறிக் கைவைத்தார். ஒரு சாண் இடம் விடாமல் தட்டினேன். வலது தோளும் விட்டுப்போய்விடும்போல் இருந்தது. எல்லா இடமும் கணீரென்றது. அவர் ஒவ்வொரு தடவையும் தலையை அசைத்தார்.

"இது அப்புறமா போட்ட தளம், லாரி மணலு" என்றார் கடைசியில், முக்காலியை விட்டு இறங்காமலே.

மச்சினி உள்ளே வந்து பிள்ளையைக் கட்டிலில் போட்டாள். அது தூங்கிக்கொண்டுதான் இருந்தது. மனைவி முக்காலியை எடுத்துக்கொண்டாள்.

"அடுக்களை கீது இன்னும்" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் பின்னால் போனோம்.