அப்பா வீட்டுத் தரை காய ஒரு வாரம்

போன மாதம் எங்கள் கிராமத்து வீட்டில், தரையில் ஈரம் ஏறாமலிருக்கப் பூச்சு அடித்தோம். வேலை சுத்தம். ஒரு குறை சொல்ல முடியாது... அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

திருவாரூர் பக்கம், வாய்க்கால் ஓரமாகப் பள்ளமான இடம். சிமென்ட் தரை போட்டும் பயனில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் தரை வியர்க்கும். அம்மா போன பிறகு அப்பா அங்கே தனியாக இருந்தார். கட்டில் வாங்கிப் போட்டேன். அதில் துணிகளை மடித்து வைத்துவிட்டு, பாயை விரித்துத் தரையில்தான் படுப்பார். இருமல் விடவே இல்லை. "இந்த ஈரத்தில் படுத்தால் நெஞ்சு தாங்காது" என்றார் டாக்டர்.

கொத்தனார் முருகையனைக் கூட்டி வந்தேன். ஒரு பாலிதீன் துண்டைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டினார். மறுநாள் பிரித்தால் — அடிப்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர்.

"கீழேருந்து ஏறுது சார். பங்குனில வாய்க்கா காயட்டும். தரையைச் சுரண்டிக் காயவெச்சு ரெண்டு கோட்டு அடிச்சிடலாம். ஆனா மருந்து நெடி ஒரு வாரம் நிக்கும். பெரியவரு உள்ள இருக்கக் கூடாது."

அங்கேதான் சிக்கல்.

இந்த வீட்டைப் பூட்டிவிட்டு அப்பா ஒரு நாள்கூட வெளியே தங்கியதில்லை. தஞ்சாவூரில் நடந்த என் கல்யாணத்துக்கே காலையில் வந்து, சாப்பிட்டுவிட்டு, மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தவர்.

ஏன்? எனக்கு ஆறு வயது இருக்கும். பண்ணையாரிடம் கூலியை உயர்த்தச் சொல்லிக் கேட்டவர்களில் அப்பாவும் ஒருவர். அந்தச் சமயத்தில் பக்கத்து ஊரில் ஒரு சாவு. என்னையும் கூட்டிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் போனார்கள். மறுநாள் திரும்பினால் குடிசை இல்லை. பண்ணை ஆட்கள் பிரித்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஏர் ஓட்டித் தண்ணீரும் பாய்ச்சியிருந்தார்கள். அம்மா சேற்றில் இறங்கிச் சோற்றுப் பானையைத் தேடியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு, குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்து, தாலுகா ஆபீசுக்கு வருஷக்கணக்கில் நடந்து, இந்த இடத்துக்குப் பட்டா வாங்கினார்.

"ஒரு வாரந்தாம்ப்பா. மாயவரத்துல செல்வி வீட்ல இரு" என்றேன். செல்வி என் தங்கை.

"வீட்ட யாருடா பாத்துக்குவா?"

"பட்டா உன் பேர்ல இருக்குப்பா. யாரு எடுத்துக்கப் போறா?"

"அன்னிக்கும் ஒரு நாள்தான்டா போனோம்."

"நான் இங்கயே வாசல்ல படுத்துக்கறேன்ப்பா. சத்தியமா" என்றேன்.

அதை நம்பித்தான் கிளம்பினார்.

இரண்டு நாள் படுத்தேன். கொசு... முதுகு வலி வேறு. மூன்றாம் நாள் இரண்டாவது கோட்டு முடிந்ததும் பூட்டிவிட்டுத் தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். பூட்டிய வீட்டை யார் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்? சாயங்காலம் அப்பாவிடமிருந்து போன்.

"எங்கடா இருக்க?"

"நம்ம வீட்லதாம்ப்பா."

"தரை காஞ்சிடுச்சா?"

"காயுதுப்பா."

மறுநாளும் அதே கேள்வி. அதே பொய்.

ஐந்தாம் நாள் காலை, மாயவரம் பஸ் ஸ்டாண்டில் அப்பா மயங்கி விழுந்துவிட்டதாகச் செல்வி போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அப்புறம்தான் சொன்னாள், அழுதுகொண்டே. "நேத்து உன்கிட்ட பேசிட்டு போனை வெச்சவரு, 'நம்ம வீட்ல ஏதும்மா குக்கரு? விசில் கேக்குது. அவன் அங்க இல்லம்மா... வீடு சும்மா கெடக்குது'ன்னாரு. அப்புறம் சாப்பிடவே இல்ல. காலைல நான் பால் வாங்கப் போன நேரத்துல பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாருண்ணே."

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து, பூச்சு அடித்த அந்தத் தரையில்தான் கிடத்தினோம். பொட்டு ஈரம் இல்லை. முருகையன் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

படித்தவர்கள் நாம். பெரியவர்களின் பயத்தை ஒரு காகிதத்தைக் காட்டித் தீர்த்துவிடலாம் என்று நினைக்கிறோம். காகிதமா கேட்டார் அவர்? வீட்டில் ஒரு ஆள் இரு என்றுதானே கேட்டார்?

காரியம் முடியும்வரை பதினாறு நாளும் அங்கேயே படுத்தேன்... அந்த ஒரு வாரம் படுத்திருந்தால் போதும்.