வரப்பு இருக்க வேண்டிய இடம்

மலேசியாவில், செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளியில் என் ஆசிரியப் பயிற்சி முடிய ஐந்து நாள் இருந்தபோது, நோட்டில் ஏழு வேலைகள் பாக்கி இருந்தன. பாடக்குறிப்புக் கோப்பில் விட்டுப்போன கையெழுத்துகள், நூலகப் புத்தகங்கள், விடுதி அறைச் சாவி, வருகைப் பதிவேட்டின் நகல் என்பது போல ஆறு. ஏழாவதுதான் முக்கியம். கடைசி மேற்பார்வைப் பாடம். வழிகாட்டி ஆசிரியை வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். திருப்தி என்றால் கையெழுத்துப் போடுவார். அது இல்லையென்றால் பன்னிரண்டு வாரமும் கணக்கில் வராது. பி.எட். முடியாது. மன்னார்குடியில் எனக்காக ஓர் இடத்தை வைத்திருந்த பள்ளி வேறு ஆளைப் போட்டுக்கொள்ளும்.

எட்டாவதாக ஒன்று இருந்தது. அதை நோட்டில் எழுதவில்லை. எழுதிவிட்டால் செய்ய வேண்டியிருக்கும். அது அப்பாவின் வரப்பு.

எங்கள் ஊர் கூத்தாநல்லூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில். தாத்தாவும் அவர் தம்பியும் ஒரே மிராசுதாரிடம் பண்ணை வேலை பார்த்தவர்கள். நில உச்சவரம்பில் எடுத்த நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது இருவருக்கும் ஆளுக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தது. மிராசுதாரோடு கோர்ட்டுக்குப் போய், கொடி பிடித்து, ஜெயிலுக்குப் போய் வந்து வாங்கிய நிலம் என்று அப்பா சொல்வார். அதெல்லாம் முடிந்து அடுத்த தலைமுறையில் என்ன நடந்தது என்றால், அப்பாவும் தாத்தாவின் தம்பி மகனான என் சித்தப்பாவும் நடுவில் இருக்கும் ஒரு வரப்புக்காகப் பதினோரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அப்பா ஒரு கரை வேட்டி, சித்தப்பா அதற்கு எதிர்க்கரை. எந்தக் கரை ஆட்சிக்கு வருகிறதோ அவருடைய மனு தாலுகா ஆபீசில் இரண்டு மேஜை நகரும்.

அந்த வருடம் அப்பாவின் மனு நகர்ந்திருந்தது. நிலத்தை அளக்க சர்வேயர் வரப்போகிறார். அதற்கு முன்னால் சித்தப்பா எவ்வளவு தின்றிருக்கிறார் என்று கணக்குப் போட்டுக் கையில் வைத்துக்கொள்ள அப்பாவுக்கு ஆசை. நான் சிவில் படித்துவிட்டு பி.எட். சேர்ந்தவள். சர்வே ஒரு பாடமாக இருந்தது. போதாதா?

மாமா பையனை விட்டு டேப் பிடித்து வயலை அளந்து, அளவுகளையும் பட்டாவையும் புலப்படத்தையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். பிறகு தினமும் காலை ஏழரைக்குப் போன். ஊரில் ஏழரை என்றால் எனக்குப் பத்து மணி, வகுப்பு நடந்துகொண்டிருக்கும். இரண்டரை மணி நேர வித்தியாசத்தை நான் நான்கு முறை விளக்கினேன். நான்கு முறையும் புரிந்தது என்றார். மறுநாள் ஏழரைக்கு அடித்தார். போனை எடுக்காமல் விட்டால் அம்மாவின் போனிலிருந்து அடிப்பார்.

"ரெண்டு நிமிஷ வேலை பாப்பா. சர்வே படிச்ச புள்ள நீ," என்பார். இரண்டு நிமிட வேலைதான். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்குப் பிறகு அதன் மேல் ஒரு மணி நேரம் பேசுவார் என்று எனக்குத் தெரியும். எனக்கோ ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னும் 'சிந்தனை மீட்சி' என்று மூன்று வரி எழுத வேண்டும். இன்று என்ன சரியாக நடந்தது, என்ன நடக்கவில்லை, நாளை என்ன செய்வேன். நாற்பத்தேழு பாடங்களுக்கு எழுதியாகிவிட்டது. எதையும் மீட்கிற நிலையில் என் சிந்தனை இல்லை.

மேற்பார்வைப் பாடத்துக்கு வந்த தலைப்பு, ஆறாம் ஆண்டுக்கு முக்கோணங்களின் பரப்பளவு. நிஜ வாழ்க்கையோடு இணைத்திருக்க வேண்டும் என்பது விதி. நீச்சல்குளம், பூந்தோட்டம் என்று எல்லோரும் போடுவதையே போடாதீர்கள் என்று வழிகாட்டி ஆசிரியை முன்பே எச்சரித்திருந்தார். அன்று மாலை அப்பா ஐந்தாவது தடவையாக அடித்தபோது எனக்கு எரிச்சலில் ஒரு யோசனை வந்தது. வயலையே பயிற்சித்தாள் ஆக்கிவிட்டால் என்ன? குறுக்கே ஒரு கோடு, இரண்டு முக்கோணம், முடிந்தது. ஒரே கல்லில் இரண்டு வேலையும் போய்விடும். குறுக்குக் கோடு நூற்றுப்பத்து மீட்டர். அதிலிருந்து ஒரு மூலைக்கு நாற்பது, எதிர் மூலைக்கு முப்பத்தாறு. பட்டாவில் உள்ள பரப்பு நாலாயிரத்து ஐம்பது சதுர மீட்டர். கடைசிக் கேள்வியை இப்படி எழுதினேன்: 'பக்கத்து நிலத்துக்காரர் ஆண்டுதோறும் வரப்பை வெட்டியதால் இந்த நிலம் எவ்வளவு குறைந்திருக்கிறது?'

விடைத்தாள் தயாரிக்கவில்லை. மற்ற நாற்பத்தேழு பாடங்களுக்கும் தயாரித்தவள் நான். இதற்கு மட்டும் தேவையென்று தோன்றவில்லை. பதில் பிறந்ததிலிருந்தே தெரியுமே.

வியாழக்கிழமை பாடம் நன்றாகத்தான் போனது. வரப்பு என்றால் என்ன என்று முதலில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகள் செம்பனை மட்டுமே பார்த்தவர்கள். நடவுக்கு முன்னால் இரு பக்கத்துக்காரர்களும் வரப்பின் ஓரத்தை மண்வெட்டியால் செதுக்குவார்கள், அதற்கு அண்டை வெட்டுவது என்று பெயர், புல் போவதற்காகச் செய்வது, ஆனால் ஒவ்வொரு வருடமும் ஒருவர் கொஞ்சம் ஆழமாகச் செதுக்கினால் வரப்பு மெல்ல மெல்ல நகர்ந்துவிடும் என்று பலகையில் படம் போட்டுக் காட்டினேன். கெட்டிக்காரத் திருட்டு என்று ஒருவன் ரசித்தான். பின்வரிசையில் வழிகாட்டி ஆசிரியை எழுதிக்கொண்டிருந்தார். மனதுக்குள் ஏழாவது வேலைக்கு டிக் போட்டுவிட்டேன்.

எப்போதும் பென்சில் சீவிக்கொண்டிருக்கும் ஒரு சிறுமி முதலில் கை தூக்கினாள்.

"டீச்சர், இது கொறையல டீச்சர். நூத்து முப்பது கூட இருக்கு."

திரும்பப் போடச் சொன்னேன். போட்டாள். அடுத்த மேஜையிலும் அதே விடை. நானே பலகையில் போட்டேன். நூற்றுப்பத்தை எழுபத்தாறால் பெருக்கிப் பாதி, நாலாயிரத்து நூற்று எண்பது. மூன்று சென்ட்டுக்கு மேல் எங்களிடம் அதிகம்.

"அப்ப யாரு யாரோட நெலத்த எடுத்தாங்க டீச்சர்?" என்று கெட்டிக்காரத் திருட்டை ரசித்தவன் கேட்டான். மணி அடித்தது.

வழிகாட்டி ஆசிரியை விடைத்தாளைக் கேட்டார். இல்லை என்றேன். அவர் என் பயிற்சித்தாளின் கடைசி வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். சத்தம் போடுகிறவர் இல்லை.

"கேள்வியிலேயே பதில எழுதி வச்சிட்டு, பிள்ளைங்கள எதுக்குக் கணக்குப் போடச் சொல்றீங்க?"

கையெழுத்துப் போடவில்லை. மறுநாள், அதாவது கடைசி நாள், அதே பாடத்தைக் கேள்வியைத் திருத்தி மறுபடி எடுக்கச் சொன்னார். சனிக்கிழமை காலை எனக்கு விமானம். அன்று மாலை உட்கார்ந்து புதுத் தாள் அடித்தேன். யாரையும் குற்றம் சொல்லாத ஒரு கேள்வி எழுத எனக்கு ஆறு தடவை அடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் வந்தது இதுதான்: 'பட்டாவின்படி வரப்பு எங்கே இருக்க வேண்டும்?'

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் நூற்று முப்பதை வரப்பின் நீளமான நூற்று நான்கால் வகுத்தார்கள். ஒன்றே கால் மீட்டர். வரப்பு அவ்வளவு தூரம் எங்கள் பக்கம் வர வேண்டும். வழிகாட்டி ஆசிரியை கையெழுத்துப் போட்டார். குறிப்பில் 'திருப்தி' என்று இருந்தது. 'மிகவும்' இல்லை. சிந்தனை மீட்சியை அவரே கேட்டு வாங்கிப் படித்துவிட்டுக் கோப்பை மூடினார்.

அன்று மதியம் நானே அப்பாவுக்கு அடித்தேன். பாஸா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு கணக்கைச் சொன்னேன். எதிர்முனையில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு போட்ட கணக்கு?"

"ஆறாப்புப் புள்ளைங்கப்பா. நானும் சரிபாத்துட்டேன்."

"ஆறாப்புப் புள்ளைங்களுக்கு நம்ம வயலப் பத்தி என்ன தெரியும்?"

டேப்பைத் தொய்வாகப் பிடித்திருப்பான் என்று மாமா பையன் மேல் பழியைப் போட்டார். தொய்வாகப் பிடித்திருந்தாலும் மூன்று சென்ட் வராது என்றேன். சர்வேயர் வருவதற்குள் மனுவை வாங்கிவிடுங்கள், ஊர் முன்னால் அளந்து சொன்னால் சித்தப்பா முன்னால் எப்படி நிற்பீர்கள் என்று கேட்டேன்.

"நீ யாருட்டயும் சொல்லலல்ல?"

"இருபத்தாறு பேருக்குத் தெரியும்பா."

நான் வந்து இறங்கியபோது வயல் முழுக்க அவசர அவசரமாக நடவு முடிந்திருந்தது. ஊரில் வேறு யாரும் பாதி கூட நட்டிருக்கவில்லை. பயிர் நிற்கிற நிலத்தில் சர்வேயர் சங்கிலி போடமாட்டார். மனுவை வாங்கவும் இல்லை, அளக்கவும் விடவில்லை. அப்பா அன்று முழுக்க என்னிடம் மலேசியாவில் சாப்பாடு எப்படி என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் டீக்கடை வாசலில் பிடித்தார் சித்தப்பா. அப்பா உள்ளே பெஞ்சில் பேப்பரோடு இருக்கிறார். அவருக்குக் கேட்கட்டும் என்றே சித்தப்பா பேசினார்.

"என்ன பாப்பா, வெளிநாட்டுலயே வாத்தியார் வேலை பாத்துட்டு வந்துட்ட. நம்ம வரப்ப ஒரு தடவ அளந்து சொல்லிடேன். அண்ணனுக்கும் எனக்கும் வயசாவுது."

அப்பா பேப்பரை இறக்கவில்லை. பக்கத்தைத் திருப்பவும் இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான்கே நாளுக்கு முன்னால் இதே விஷயத்தில் பதிலை முதலில் எழுதிவைத்து ஒரு தடவை மாட்டிக்கொண்டவள் நான்.

"அளந்தாச்சு சித்தப்பா. ஒன்னே கால் மீட்டரு. எங்க பக்கந்தான் கூட இருக்கு."

சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை, உள்ளே பார்த்தார். பேப்பருக்குப் பின்னாலிருந்து, பதினோரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அப்பா அவரிடம் பேசினார்.

"நட்டாச்சு. அறுப்பு முடியட்டும்."

"முடியட்டும்ண்ணே," என்றார் சித்தப்பா.

தை அறுப்பு முடிந்தது. அடுத்த நடவுக்கு அண்டை வெட்டும்போது அப்பா எங்கள் பக்கம் மண்வெட்டி போடவில்லை. சித்தப்பாவை அவர் பக்கம் செதுக்கவிட்டு, அந்த மண்ணை எங்கள் பக்கம் வாங்கிப் பூசினார். நான் டேப் பிடித்தேன். எண்பது சென்டிமீட்டர் நகர்ந்தது. மீதி நாற்பத்தைந்துக்கு இருவரும் தினமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இப்போதெல்லாம் காலை ஏழரைக்கு, நான் மன்னார்குடி பஸ்ஸுக்கு ஓடும் நேரத்தில், போன் அடிக்கிறது. ஒரு நாள் அப்பா, மறுநாள் சித்தப்பா.