வரியில் ஊன்றிய விரல்

பண்ருட்டி பழைய பேப்பர் கடையில் கிடைத்த கதைப் புத்தகத்தை மகள் இன்று உரக்கப் படிக்க, அதன் தாள்களிலிருந்து எழுந்த பழுப்பு நிலக்கரி வாசனையில் நான் படித்த நெய்வேலிப் பள்ளி நூலகத்தின் வாசிப்பு வகுப்பு திரும்பி வந்தது. சுரங்கத்தில் வெடி வைக்கும்போதெல்லாம் அலமாரிக் கண்ணாடிகள் கிடுகிடுக்கும். படிப்பவர் நிறுத்திய வரியில் விரலை ஊன்றிக்கொள்ள, மற்றவர்கள் மூச்சுக் காட்டாமல் காத்திருப்போம்.

"விரல எடுக்காத, அடங்கட்டும்" என்பார் லைப்ரரி டீச்சர்.

வருடத்துக்கு வருடம் அந்தச் சத்தம் நெருங்கி வந்து, கடைசியில் நூலகம் நின்ற மண்ணையே சுரங்கம் எடுத்துக்கொண்டது. நாங்கள் உட்கார்ந்து படித்த இடம் இப்போது வெறும் அந்தரம்.

இதையெல்லாம் நான் மகளிடம் சொன்னதே இல்லை. அவள் சட்டென்று நிறுத்தி, வரியில் விரலை ஊன்றினாள்.

"ஏம்மா, படி."

"அலமாரிக் கண்ணாடி அதிருதுப்பா. அடங்கட்டும்."

எங்கள் வீட்டில் அலமாரிக்குக் கண்ணாடி கிடையாது.